‘ரெஸ்பெக்ட்’ யாருடைய பாட்டு: ஓடிஸ் ரெட்டிங்குடையதா, அரீத்தா ஃபிராங்க்ளினுடையதா?

ஊசிமுனை:
நேற்று ராத்திரி அமெரிக்க சோல் பாடகர் ஓடிஸ் ரெட்டிங்கின் ‘ஓடிஸ் ப்ளூ’ இசைத்தட்டை முதலிலிருந்து கடைசிவரை கேட்டேன். 1965 ஜூலையில், மெம்பிஸ் நகரத்து ஸ்டாக்ஸ் ஸ்டுடியோவில், இதன் பெரும்பகுதியை ஒரே நாளில் பதிவு செய்து முடித்திருக்கிறார்கள். ‘ரெஸ்பெக்ட்’ வந்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அல் ஜாக்சனின் டிரம்ஸ் அடி ஒவ்வொன்றும் கதவைத் தட்டுகிற மாதிரி விழுகிறது. எழுதியவரும் ஓடிஸ் ரெட்டிங், முதலில் பாடியவரும் அவர்தான். ஆனாலும் யாரைக் கேட்டாலும், பின்னால் இதையே பாடிய பாடகியின் பெயரைச் சொல்லி “அரீத்தா பாட்டா?” என்கிறார்கள். எனக்கு மனசு ஆறவில்லை. ஓடிஸ் பாடியதுதான் மேல் என்பது என் கட்சி.

கோயில்மணி:
ஒப்புக்கொள்ள மாட்டேன் நண்பரே. ஓடிஸ் பாட்டில் வருவது என்ன? உழைத்துக் களைத்து வீடு திரும்பும் ஆண், “காசெல்லாம் உனக்குத்தானே, கொஞ்சம் மரியாதை கொடு” என்று கேட்கிறான். அரீத்தா அதே கோரிக்கையை ஒரு பெண்ணின் வாயில் வைத்தார். இந்தப் பெண்ணிடம் சொந்தக் காசு இருக்கிறது, அவள் கெஞ்சவில்லை. R-E-S-P-E-C-T என்று எழுத்தெழுத்தாகச் சொல்லும் அந்த இடம் ஓடிஸிடம் கிடையவே கிடையாது. வாத்தியங்கள் சட்டென்று வழிவிட, குரல் மட்டும் ஏழு எழுத்தையும் ஒவ்வொன்றாக அடுக்கும். இன்றைக்கும் அங்கே எனக்குச் சிலிர்க்கிறது.

கோரஸையும் கவனியுங்கள். பாடுவது அவருடைய சொந்தச் சகோதரிகள், எர்மாவும் கேரலினும். வீட்டில் அரீத்தாவின் செல்லப்பெயர் ‘ரீ’. பின்னால் “ரீ, ரீ, ரீ” என்று அவர்கள் இழுப்பது அக்கா தங்கை கூப்பிடுகிற மாதிரியே கேட்கும்.

ஊசிமுனை:
சரி, வரிகளில் அரீத்தா சேர்த்ததை மறுக்கவில்லை. நான் பேசுவது சத்தத்தைப் பற்றி. ஸ்டாக்ஸ் இருந்தது ஒரு பழைய சினிமா தியேட்டரில். சாய்வான தரையைக்கூடச் சமப்படுத்தாமல் அப்படியே ஸ்டுடியோ ஆக்கிக்கொண்டார்கள். அந்தக் கூடத்தின் முழக்கம் தட்டில் பதிந்திருக்கிறது. இன்னொன்று, கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேசையில் சாப்பிடுவதே பிரச்சினையான ஊர் அது. அங்கே கறுப்பரான அல் ஜாக்சனும் வெள்ளைக்கார கிதார்காரர் ஸ்டீவ் கிராப்பரும் ஒரே அறையில் உட்கார்ந்து வாசித்தார்கள். அந்த நெருக்கம் அரீத்தா பாடிய நியூயார்க் ஸ்டுடியோவில் வருமா?

கோயில்மணி:
வந்திருக்கிறதே! 1967 பிப்ரவரி 14 அன்று நியூயார்க்கில் அரீத்தாவுக்கு வாசித்தவர்களில் முக்கியமானவர்கள் தெற்கிலிருந்து, அலபாமாவின் மஸில் ஷோல்ஸிலிருந்து வந்த வெள்ளைக்கார இளைஞர்கள். பியானோவில் அரீத்தாவே உட்கார்ந்தார். டெட்ராய்டில் அப்பாவின் தேவாலயத்தில் வாசித்துப் பழகிய கை அது. ஓடிஸ் பாட்டில் நடுவே தனி இடையிசை கிடையாது. இவர்கள் கிங் கர்ட்டிஸின் சாக்ஸபோனுக்கென்று ஒரு பகுதியைப் புதிதாக உண்டாக்கினார்கள். அதற்கான கார்டுகளை (chords, சேர்ந்து ஒலிக்கும் சுரங்களை) சாம் அண்ட் டேவ் என்ற சோல் பாடகர் ஜோடியின் பாட்டு ஒன்றிலிருந்து எடுத்தார்கள். பாட்டுக்கு அங்கேதான் மூச்சு வருகிறது.

கணக்கன்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். “யாருடைய பாட்டு” என்பதில் ஒரு விஷயம் விட்டுப்போகிறது. அமெரிக்க வானொலி நிலையங்கள் பாட்டை எழுதியவருக்குத்தான் உரிமைத்தொகை தரும், பாடியவருக்குத் தராது. அரீத்தாவின் குரல் அங்கே எத்தனை ஆயிரம் முறை ஒலித்திருந்தாலும் அந்தக் காசு ஓடிஸ் தரப்புக்கே போனது. மரியாதை கேட்கும் பாட்டிலேயே இப்படி என்பதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஊசிமுனை:
இது அநியாயம். இதில் நான் அரீத்தா பக்கம்.

கோயில்மணி:
ஓடிஸே என்ன சொன்னார் தெரியுமா? 1967 ஜூனில் கலிஃபோர்னியாவின் மான்டரே இசைவிழா மேடையில், ஒரு பெண் தன்னிடமிருந்து இந்தப் பாட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்று சொல்லிவிட்டுத்தான் பாட ஆரம்பித்தார். அந்த மாதம்தான் அரீத்தாவின் தட்டு அமெரிக்காவில் முதலிடத்தில் இருந்தது.

ஊசிமுனை:
அந்தப் பதிவைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அவர் குரலில் பொறாமையே இல்லை. சொல்லிவிட்டு, தட்டில் இருப்பதைவிட வேகமாகப் பாடினார். ஆறு மாதம்கூட ஆகவில்லை, டிசம்பர் 10 அன்று விஸ்கான்சினில் ஏரியில் விமானம் விழுந்து போய்விட்டார். வயது 26.

இப்போது இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டேன். அரீத்தாவின் சாக்ஸபோன் இடம் பெரிய வேலைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடைசியில் ஓடிஸ் தொண்டை கரகரக்க, சொல்லை முடிக்காமல் துண்டு துண்டாக விட்டுக்கொண்டே போகும்போது, பின்னால் டிரம்பெட் அவரை விடாமல் துரத்துகிறதே, அந்த இடத்துக்கு ஈடாக எனக்கு இன்னும் எதுவும் கிடைக்கவில்லை. கோயில்மணி, இன்று ராத்திரி ஹெட்ஃபோனில் அதை மட்டும் கேட்டுவிட்டு வாருங்கள். அப்புறம் பேசுவோம்.