புதுப்பிப்பு: தோட்ட ரயில் மறுபடி ஓடுகிறது, கோளாறு இணைப்புத் தகடுகளில்

பல வருடம் பாசி பிடித்துக் கிடந்த என் தோட்டத்து மாதிரி ரயில் பாதையில் (தண்டவாளங்களுக்கு இடையே 32 மி.மீ.), மின்சார எஞ்சின் தூரத்து வளைவில் நின்றுபோகிறது என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. இப்போது முழுச் சுற்றும் ஓடுகிறது.

"எஞ்சின் ஓடும்போதே வோல்ட் பாருங்கள்" என்றவர் சொன்னதுதான் சரி. சும்மா அளந்தால் எங்கும் 12. ஓடவிட்டு அளந்தால் வளைவில் 7. பித்தளைத் தண்டவாளத்தின் மேல்பகுதி சுத்தமாகவே இருந்தது; தண்டவாளத் துண்டுகளைச் சேர்க்கும் இணைப்புத் தகடுகளுக்குள் பச்சைக் களிம்பு. தகடுகளைக் கழற்றி, முனைகளை 400 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, திருகு வைத்த பித்தளைக் கிளாம்ப் போட்டதும் 11.5 வந்தது. இரும்பு நார் போட்டுத் தேய்க்கவே வேண்டாம். அதன் துகளை மோட்டார் காந்தம் இழுத்துக்கொள்ளும்.

ரயில் பெருமை பிரிட்டனின் வேல்ஸுக்கா கார்ன்வாலுக்கா என்று எழுந்த பேச்சுக்கு: வேல்ஸின் ஃபெஸ்டினியோக் ஸ்லேட் ரயிலின் 597 மி.மீ. கேஜ்தான் (தண்டவாள இடைவெளி) 1:19 அளவில், அதாவது 19-ல் ஒரு பங்காகச் சுருக்கினால், ஏறக்குறைய நம் 32. ஆனால் 1804 பிப்ரவரி 21 அன்று வேல்ஸின் பெனிடாரனில் நீராவி எஞ்சினால் இரும்புப் பாரம் இழுத்துக் காட்டியவர் கார்ன்வால்காரர் ரிச்சர்ட் ட்ரெவிதிக். எஞ்சின் ஓடியது, வார்ப்பிரும்புப் பாதைதான் எடை தாங்காமல் உடைந்தது. இரு தரப்புக்கும் பெருமை உண்டு.

எதிர்பாராதது ஒன்று. கிளாம்ப் இறுகியதும் வெயிலில் பாதை நெளிந்தது. 30 டிகிரி ஏறினால் 10 மீட்டர் பித்தளை சுமார் 6 மி.மீ. நீளும். 5 மீட்டருக்கு ஒரு நழுவும் இணைப்பு வைத்து, குளிர்ந்த வேளையில் 3 மி.மீ. இடைவெளி விடுங்கள். அதன் குறுக்கே தொய்வாக ஒரு ஒயரைப் பற்றவைத்தால் மின்சாரம் அறாது.