சேலம் கவுன்சிலில் தொடங்கி டெல்லி வரை போனவர் யார்?

அம்மாபேட்டை அப்பா:
பெண் எட்டாவது படிக்கிறாள். பேச்சுப் போட்டி, மூன்று நிமிடம், ‘உள்ளாட்சியிலிருந்து நாடாளுமன்றம் வரை’ என்று தலைப்பு. நம்ம ஊர்க்காரரைப் பற்றித்தான் பேசுவேன் என்று அடம். ராஜாஜி என்றேன், அவரை ஏற்கெனவே நான்கு பேர் எடுத்துவிட்டார்களாம். எனக்கும் அவர் சேலம் முனிசிபாலிட்டியில் இருந்தார் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. வேறு யாராவது உண்டா? அப்புறம், இப்போதும் கவுன்சிலர் எம்.பி. ஆகலாமா என்று கேட்கிறாள். எங்கள் வார்டு கவுன்சிலரைப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை, அதைக் குழந்தையிடம் எப்படிச் சொல்வது.

செவ்வாய்ப்பேட்டை:
ராஜாஜியை அவ்வளவு சீக்கிரம் விட்டுவிடாதீர்கள். 1900 வாக்கில் இங்கே வக்கீல் தொழில் தொடங்கியவர், 1911இல் முனிசிபல் உறுப்பினர், 1917 முதல் 1919 வரை சேர்மன். சேலம் நகராட்சிக்கு முதல் தலித் உறுப்பினர் வந்ததில் அவருக்குப் பங்கு உண்டு. 1937இல் சென்னை மாகாணப் பிரதமர் (இப்போதைய முதல்வர் மாதிரி) ஆனதும் மதுவிலக்கை முதலில் எங்கே கொண்டுவந்தார்? சேலம் மாவட்டத்தில்தான். மற்ற நான்கு பேரும் கவர்னர் ஜெனரல், பாரத ரத்னா என்றே ஆரம்பிப்பார்கள், உங்கள் பெண் முனிசிபாலிட்டியிலிருந்து ஆரம்பிக்கட்டும்.

குகை ராமு:
ஆனால் தலைப்புக்கு அவர் சரியாகப் பொருந்தவில்லை சார். அரசியல் சட்டத்தை எழுதிய அரசியல் நிர்ணய சபையில் இருந்தார், 1950-51இல் மத்திய உள்துறை மந்திரி, எல்லாம் சரி. 1952இல் முதல்வர் ஆனபோது தேர்தலில் நிற்கவே இல்லையே, கவர்னரை வைத்து மேலவைக்கு நியமித்து அல்லவா கொண்டுவந்தார்கள். எதிர்த்தரப்பில் யாராவது கேட்டால் பெண் திணறிப்போவாள்.

என்னைக் கேட்டால் சி. விஜயராகவாச்சாரியார். 1882இல் சேலம் முனிசிபல் கவுன்சில் உறுப்பினர். அதே வருஷம் ஊரில் கலவரம், தூண்டிவிட்டவர் இவர்தான் என்று வழக்குப் போட்டு பத்து வருஷம் தண்டனை. மேல்முறையீட்டில் விடுதலையாகி வந்தார், அதோடு நிற்கவில்லை. உள்ளே போனவர்களுக்காகவும் வாதாடிப் பலரை வெளியே கொண்டுவந்தார். கவுன்சில் பதவியைப் பறித்ததை எதிர்த்தும் வழக்காடி, பதவியையும் வாங்கி, லண்டனில் இந்திய விவகாரங்களைக் கவனித்த பிரிட்டிஷ் மந்திரியிடமிருந்து 100 ரூபாய் நஷ்டஈடும் வாங்கினார். ஒரு வார்டு கவுன்சிலர் பேரரசிடம் வாங்கிய 100 ரூபாய்! 1895 முதல் 1901 வரை சென்னை சட்டசபை, 1913 முதல் 1916 வரை டெல்லியில் இம்பீரியல் சட்டசபை (பிரிட்டிஷ் இந்தியா முழுமைக்குமான சட்டசபை), 1920இல் நாக்பூர் காங்கிரஸ் தலைவர். ஒத்துழையாமை இயக்கத்தை உறுதி செய்த மாநாடு அதுதான். 1944இல் காலமானார். ஒன்று மட்டும் சொல்லிவிட வேண்டும், அந்த இம்பீரியல் சட்டசபைக்குப் பொதுமக்கள் ஓட்டு கிடையாது, அதை நாடாளுமன்றம் என்று அப்படியே சொன்னால் தப்பு.

சங்ககிரி சுந்தரி:
தலைகீழாகப் போனவர் ஒருவர் இருக்கிறார், டி.எம். காளியண்ணன். அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்த திருச்செங்கோட்டுப் பக்கம். முப்பது வயதுக்குள்ளேயே டெல்லியில் அரசியல் நிர்ணய சபைக்குப் போய்விட்டார், ஜில்லா போர்டு என்ற மாவட்ட உள்ளாட்சிக்குத் தலைவர் ஆனது அதற்கு அப்புறம். 2021இல் நூறு வயது தாண்டிக் காலமானார். டெல்லியைப் பார்த்துவிட்டு வந்து பள்ளிக்கூடம், ரோடு என்று உட்கார இன்றைக்கு யார் தயார்?

ஏற்காடு மிளகு:
இரண்டாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. சட்டப்படி ஆகலாம் சார், கவுன்சிலருக்கு 21 வயது, எம்.பி.க்கு 25, அவ்வளவுதான். நடப்பு வேறு. சேலம் மாநகராட்சியில் 60 வார்டு, 2016 கடைசியிலிருந்து 2022 வரை ஒரு கவுன்சிலர்கூட இல்லை, தேர்தலே நடக்கவில்லை. வார்டில் பழகித்தான் மேலே போக வேண்டும் என்றால் அந்த வருஷங்களில் யார் எங்கே பழகியிருப்பார்கள்?

நான் மலையில் ஒரு கிராம ஊராட்சியில் வார்டு உறுப்பினராக இருந்தவன். கட்சிச் சின்னம் கிடையாது, சம்பளமும் கிடையாது. காட்டெருமை தண்ணிக் குழாயை மிதித்து உடைத்துவிட்டால் ராத்திரி பத்து மணிக்கும் என் வாசலில்தான் குடத்தோடு நிற்பார்கள். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு டியூபைச் சுற்றி ஒட்டுப் போட்டிருக்கிறேன், புதுக் குழாய்க்கு எழுதிய மனு எட்டு மாதம் ஒரு அலுவலகத்தில் தூங்கியது. எம்.பி.யிடம் போகலாமென்றால், எங்கள் கலெக்டர் சேலம், எங்கள் எம்.பி. தொகுதி கள்ளக்குறிச்சி. மலை இறங்கி சேலம் வந்து, ஆத்தூர் தாண்டிப் போக வேண்டும். ஐந்து வருஷத்தில் நான் அந்தப் பக்கம் ஒருமுறைதான் போனேன், அதுவும் ஒரு கல்யாணத்துக்கு.

அம்மாபேட்டை அப்பா:
எல்லோருக்கும் நன்றி. பெண் அந்த 100 ரூபாயைப் பிடித்துக்கொண்டாள், விஜயராகவாச்சாரியார்தான் என்று முடிவு. ஒரே சிக்கல், பெயரைச் சொல்லும்போது மூன்றில் ஒருமுறை நாக்கு பிறழ்கிறது, காலையிலிருந்து வீடு முழுக்க அதையே சொல்லிக்கொண்டு திரிகிறாள். மிளகு சார், அந்தப் புதுக் குழாய் வந்ததா இல்லையா என்றும் கேட்கச் சொன்னாள்.

ஏற்காடு மிளகு:
வந்தது பாப்பா. என் பதவி முடிந்து மூன்றாவது மாதம்.