சொந்தக் காமிக்ஸ்: முதல் மேசைக்கு எத்தனை பிரதி அடிக்கலாம்?

பென்சில்சீவி:
கறுப்பு வெள்ளை, 32 பக்கம். கதை முழுக்க 29சி பஸ்ஸுக்குள்ளேயே நடக்கிறது. சென்னை காமிக் கானில் (காமிக்ஸ் ரசிகர்கள் கூடும் விழா) மேசை எடுப்பதா, ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சியில் தெரிந்த பதிப்பாளர் கடையில் வைப்பதா? 300 பிரதி அடிக்கலாம் என்றிருக்கிறேன்.

கட்டிலடிக்காரன்:
தம்பி, 300 வேண்டாம். நானும் அப்படித்தான் அடித்தேன். மிச்சம் 188 இன்னும் கட்டிலுக்கடியில். 100 போதும், டிஜிட்டலில் அடி. அச்சானதும் ஒரு பிரதியை அங்கேயே முழுசாகப் புரட்டிப் பார். சென்டர் பின் (தாள்களை மடித்து நடுவில் பின் அடிக்கிற) புத்தகத்தில், 32 பக்கமென்றால், ஒரே தாளில்தான் 13, 14, 19, 20 ஆகிய நான்கு பக்கமும் வரும். எனக்கு அந்தத் தாளை உள்வெளியாக மடித்துவிட்டார்கள். 12க்கு அடுத்து 19. செத்தவன் நான்கு பக்கம் கழித்து டீ குடிக்கிறான். ஒரு பையன் அதை ‘நான்-லீனியர்’ (முன்பின் மாற்றிச் சொல்லும் கதை) என்று பாராட்டி வாங்கிப் போனான், நானும் வாயைத் திறக்கவில்லை.

மைக்கறை:
நந்தம்பாக்கத்தில் 2024இல் காமிக் கான் முதல் தடவை நடந்தபோது சுற்றிப் பார்க்கத்தான் போனேன். கூட்டம் வேஷம் கட்டியவர்களோடு படம் எடுப்பதில் மும்முரம். புத்தகக் காட்சியில் வாசிக்கிறவர்கள் வருவார்கள், ஆனால் ‘குழந்தைங்க புக்கா?’ என்பார்கள். மைதானப் புழுதி வேறு. ஒவ்வொரு பிரதிக்கும் பிளாஸ்டிக் உறை போடுங்கள்.

பென்சில்சீவி:
சரி அண்ணா, 100தான். அந்த 13-14 பிரதி ஒன்று எனக்கு வேண்டும், விலை சொல்லுங்கள்.

கட்டிலடிக்காரன்:
சும்மா வந்து எடுத்துக்கோ. பத்தாக எடுத்தால் இன்னும் நல்லது.