டச்பேட் சந்தேகம்: விண்டோஸ், மேக், உபுண்டு மூன்றிலும் விரல் பழக்கத்தை ஒன்றாக்க முடியுமா?

கேட்டவர்: மாட்டுத்தாவணி பூக்கடை

வணக்கம். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் அப்பாவின் கமிஷன் கடைக் கணக்கை நான்தான் பார்க்கிறேன். கடையில் விண்டோஸ் 11 லேப்டாப். வீட்டில் தங்கை படிப்புக்கு வாங்கிய மேக்புக் ஏர். பழைய லேப்டாப் ஒன்றில் உபுண்டு 24.04 போட்டிருக்கிறேன், வெளியூர் போனால் அதுதான் கூட வரும். மூன்றிலும் பெரும்பாலும் டச்பேடில்தான் வேலை. ஒன்றில் பழகிய விரல் அடுத்ததில் தப்பு செய்கிறது. முந்தாநாள் ராத்திரி மேக்கில் சிட்டைக் கணக்கைக் கீழே தள்ளப் போக, அது மேலே ஏறி, வேறொரு விவசாயியின் வரியில் 12 கிலோ மல்லியைப் பதிந்துவிட்டேன். காலையில் அவர் வந்து கேட்டபோதுதான் தெரிந்தது. மனசு கஷ்டமாகிவிட்டது.

ஸ்க்ரோல் திசை ஒரு சிக்கல். மூன்று விரலைப் பக்கவாட்டில் நகர்த்தினால் விண்டோஸில் ஆப் மாறுகிறது, மேக்கில் திரையே மாறுகிறது, உபுண்டுவில் ஒன்றுமே நடப்பதில்லை. மேக்கில் பத்து இருபது வரிகளை இழுத்துத் தேர்ந்தெடுக்க, அழுத்திப் பிடித்தே விரல் வலிக்கிறது. அப்புறம் கடை லேப்டாப்பில் மட்டும் விடியற்காலையில் கர்சர் தானாகத் துள்ளுகிறது.

பதில்: மேலூர் டீச்சர்

தம்பி, முதலில் ஸ்க்ரோலைச் சரி செய்யுங்கள், கணக்கில் தப்பு வந்தது அதனால்தான். மேக்கில் இருப்பது நேச்சுரல் ஸ்க்ரோலிங். தாளைக் கையால் தள்ளுவது மாதிரி, விரல் மேலே போனால் பக்கமும் மேலே போகும். ஃபோனில் நாம் செய்வதும் இதுதான். ஆப்பிள் இதை 2011-இல் லயன் பதிப்பில் வழக்கமாக்கியது.

என் யோசனை, மேக்கை மாற்றாதீர்கள், மற்ற இரண்டையும் அதன் வழிக்குக் கொண்டுவாருங்கள். காரணம் இருக்கிறது. மேக்கில் டச்பேடுக்கு இதை அணைத்தால் மவுஸ் சக்கரமும் சேர்ந்தே திரும்பிவிடும். தங்கை மவுஸ் வைத்திருந்தால் அவருக்குத் தொல்லை. உபுண்டுவில் மவுஸுக்கும் டச்பேடுக்கும் தனித்தனி சுவிட்ச். விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், புளூடூத் அண்ட் டிவைசஸ், டச்பேட், ஸ்க்ரோல் அண்ட் ஜூம் என்று போய், ஸ்க்ரோலிங் டைரக்‌ஷனில் ‘டவுன் மோஷன் ஸ்க்ரோல்ஸ் அப்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

பதில்: திருநகர்க்காரர்

டீச்சர் சொன்னது சரி. மூன்று விரலுக்கும் வழி இருக்கிறது தம்பி. மேலே தள்ளினால் திறந்திருக்கும் எல்லா ஜன்னலும் விரிவது மூன்றிலும் பொது. பக்கவாட்டுதான் வித்தியாசம். விண்டோஸில் அதே டச்பேட் பக்கத்தில் த்ரீ ஃபிங்கர் ஜெஸ்சர்ஸைத் திறந்து, ‘ஸ்விட்ச் டெஸ்க்டாப்ஸ்’ வரும் வரியை வையுங்கள். மேக்கும் உபுண்டுவும் செய்வதையே அதுவும் செய்யும். கீழே தள்ளுவதை மட்டும் ஒன்றாக்க முடியாது. விண்டோஸில் அது வெறும் டெஸ்க்டாப்பைக் காட்டும், மேக்கில் அதற்குக் கட்டைவிரலையும் மூன்று விரலையும் விரிக்க வேண்டும்.

உபுண்டுவில் ஒன்றும் நடக்கவில்லை என்றால், எக்ஸ்ஆர்க் என்ற பழைய திரை முறையில் நுழைகிறீர்கள் என்று நினைக்கிறேன். மூன்று விரல் சைகை 2021-இல் க்னோம் 40-உடன் (உபுண்டுவின் திரைமுகம்) வந்தது, வேலாண்ட் என்ற புதிய திரை முறையில்தான் ஓடும். லாக் அவுட் செய்து, உங்கள் பெயரைத் தொட்டதும் கீழே வலது மூலையில் பல்சக்கரம் தெரியும். அதில் எக்ஸ்ஆர்க் என்று எழுதாத ‘உபுண்டு’வை எடுங்கள். எக்ஸ்ஆர்க் கட்டாயம் வேண்டுமென்றால் டச்எக் என்ற செயலி உண்டு.

மேக்கில் இழுப்பதற்கு: சிஸ்டம் செட்டிங்ஸ், ஆக்சஸிபிலிட்டி, பாயின்ட்டர் கன்ட்ரோல், டிராக்பேட் ஆப்ஷன்ஸ். அங்கே டிராகிங் ஸ்டைலில் த்ரீ ஃபிங்கர் டிராக். இவ்வளவு நல்ல வசதியை டிராக்பேட் பக்கத்தில் வைக்காமல் உள்ளே ஒளித்து வைத்திருப்பது எனக்கு வருத்தம்தான். இதைப் போட்டால் மேக்கின் மூன்று விரல் சைகைகள் நான்கு விரலுக்குப் போய்விடும், யோசித்துச் செய்யுங்கள்.

கேட்டவர்: மாட்டுத்தாவணி பூக்கடை

அண்ணே, எக்ஸ்ஆர்க்தான்! திரையைப் பகிர ஒரு செயலி கேட்டதென்று எப்போதோ மாற்றியிருக்கிறேன். இப்போது மூன்று விரல் வேலை செய்கிறது. உபுண்டுவிலும் மூன்று விரல் இழுப்பு கிடைக்குமா? கர்சர் துள்ளுவது இன்னும் நிற்கவில்லை. நான்கு மணிக்கு மூட்டையைப் பிரித்துப் பூவில் தண்ணீர் தெளிப்போம், அதே கையோடுதான் டச்பேடைத் தொடுகிறேன். அதனாலா?

பதில்: பழங்காநத்தம் எலக்ட்ரானிக்ஸ்

ஈரம் ஒரு காரணம். டச்பேட் உங்கள் விரல் அழுத்தத்தைப் பார்ப்பதில்லை, விரல் உண்டாக்கும் மின்தேக்க மாற்றத்தைத்தான், அதாவது மின்னூட்டம் தேங்குவதில் வரும் மாற்றத்தைத்தான், அளக்கிறது. ஒரு சொட்டுத் தண்ணீரும் அதன் கணக்கில் விரல்தான். ஆனால் இன்னொன்றையும் பாருங்கள். சார்ஜரைக் கழற்றிவிட்டு, கையை நன்றாகத் துடைத்துப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். அப்புறம் சார்ஜரை மாட்டி அதே உலர்ந்த கையால் ஓட்டுங்கள். மாட்டியபோது மட்டும் துள்ளினால் எர்த் இல்லாதது காரணமாக இருக்கலாம். லேப்டாப்பின் உலோக ஓரத்தில் மணிக்கட்டைத் தேய்த்தால் ஜிவ்வென்று இருக்கிறதா?

கேட்டவர்: மாட்டுத்தாவணி பூக்கடை

இருக்கிறது அண்ணே. அது லேப்டாப்பின் இயல்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று காலை பார்த்துவிட்டேன். பேட்டரியில் உலர்ந்த கையோடு சுத்தமாக நிற்கிறது. சார்ஜர் மாட்டினால் உலர்ந்த கையிலும் துள்ளுகிறது. சார்ஜருக்கு மூன்று பின், ஆனால் நாங்கள் செருகும் எக்ஸ்டென்ஷன் பெட்டியின் வயரில் இரண்டே பின்.

பதில்: பழங்காநத்தம் எலக்ட்ரானிக்ஸ்

அந்தப் பெட்டியை இன்றே எடுத்துவிடுங்கள். தரை எப்போதும் ஈரமாக இருக்கும் கடையில் எர்த் இல்லாத பெட்டி கர்சரை விடப் பெரிய ஆபத்து. எலக்ட்ரீஷியனை வைத்துச் சுவரில் இருக்கும் மூன்று பின் சாக்கெட்டிலாவது எர்த் வருகிறதா என்று சோதியுங்கள், பல இடங்களில் ஓட்டை மட்டும்தான் இருக்கும், கம்பி இருக்காது. அதுவரை பேட்டரியில் ஓட்டுங்கள்.

பதில்: திருநகர்க்காரர்

உபுண்டு 24.04-இன் செட்டிங்ஸில் மூன்று விரல் இழுப்பு இல்லை தம்பி. ஒரு தட்டு தட்டி, உடனே மறுபடி தொட்டு, விரலை எடுக்காமல் இழுங்கள். விண்டோஸிலும் இதே பழக்கம் செல்லும். டச்பேட் பக்கத்தில் டாப்ஸ் என்பதன் கீழ் இரண்டு தட்டு தட்டி இழுக்கும் வரி டிக் ஆகியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கேட்டவர்: மாட்டுத்தாவணி பூக்கடை

எலக்ட்ரீஷியன் வந்து போனார். சுவர் சாக்கெட்டில் எர்த் கம்பி கழன்று தொங்கியிருக்கிறது, மாட்டிவிட்டார். ஜிவ்வென்பது போய்விட்டது, கர்சரும் நிற்கிறது. லேப்டாப் பக்கத்தில் ஒரு துண்டு வைத்திருக்கிறேன், கை துடைக்காமல் யாரும் தொடக்கூடாது என்று அப்பாவே சொல்லிவிட்டார். ஸ்க்ரோல் மூன்றிலும் ஒரே திசை. மேக்கில் தங்கைக்கு மூன்று விரலில் திரை மாற்றுவதுதான் பழக்கம், அதனால் த்ரீ ஃபிங்கர் டிராக் போடவில்லை. அங்கே வரிகளைத் தேர்ந்தெடுக்க முதல் வரியைத் தொட்டு, ஷிஃப்ட்டைப் பிடித்துக் கடைசி வரியைத் தொடுகிறேன். அந்த 12 கிலோவையும் உரியவர் பெயருக்கு மாற்றிவிட்டேன்.