புதுப்பிப்பு: அலாஸ்காவில் கப்பலிலிருந்து இறங்கும் நாள், விட்டியர் முதல் ஆங்கரேஜ் வரை

விட்டியர் துறைமுகத்தில் விமான நிலையப் பேருந்தை விட்டுவிட்டு, ஆங்கரேஜ் வரை வண்டியில் போகும் சுமார் 95 கி.மீ. வழியை விலங்கு பார்க்கும் நாளாக்கலாம் என்று முன்பு எழுதியதில் சில திருத்தங்கள்.

முதலில் விட்டியரிலிருந்து வெளியேறும் சுரங்கப்பாதை. 4 கி.மீ. நீளம், ஒற்றைத் தடம், ரயிலும் அதே வழிதான். விட்டியர் பக்கம் மணிக்கு ஒருமுறைதான் திறக்கும். தவறினால் ஒரு மணி நேரம் போச்சு. கட்டணம் விட்டியருக்குள் வரும்போது மட்டும்.

அடுத்து, போர்டேஜ் சாலைச் சந்திப்புக்குப் பக்கத்திலுள்ள வனவிலங்குப் பாதுகாப்பு மையம். கரடி, மூஸ் என்ற பெரிய மான், கஸ்தூரி எருது எல்லாம் அடைப்புக்குள்தான்; ஆனால் பார்ப்பது உறுதி. இரண்டு மணி நேரம் வையுங்கள்.

பெலூகா திமிங்கிலத்துக்கு, கடிகாரத்தைவிட ஓத அட்டவணைதான் முக்கியம். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் வரை, சால்மனைத் துரத்தி ஏறுநீரோடு வரும். பெலூகா பாயிண்ட் என்ற சாலையோரக் காட்சிமுனையில் வெள்ளை முதுகு ஒரு கணம் எழும்பும். அலை நுரை என்றே தோன்றும். நுரை கலையும், முதுகு மூழ்கும். வற்றியபின் தெரியும் சேற்றில் மட்டும் இறங்காதீர்கள், கால் புதைந்து இறுகிவிடும்.

ஆங்கரேஜ் நோக்கிப் போகும்போது தண்ணீர் இடப்பக்கம், டால் காட்டுச் செம்மறியாடுகள் வலப்பக்கப் பாறையில். பெட்டிகள் வண்டியிலேயே இருக்கட்டும். விமானம் மாலை ஆறுக்குப் பிறகு என்றால்தான் இந்தத் திட்டம்.