மெட்ராஸ் ஷீட் கடலுக்குள் போய் உட்காருகிறது: ஸ்கேனில் கோளாறா?

கேள்வி (மயிலாப்பூர்)
இரண்டு பழைய வரைபட ஷீட். ஒன்று 19ஆம் நூற்றாண்டு சர்வே ஆஃப் இந்தியா, மைலுக்கு ஓர் அங்குலம், துணி ஒட்டி மடித்தது. மற்றது அமெரிக்க ராணுவத்தின் யூ502 வரைபட வரிசை, 1:2,50,000. இன்றைய வரைபடத்தின் மேல் பொருத்த, ஸ்கேனை க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஏற்றி, நான்கு மூலை டிகிரிகளையும் டபிள்யூஜிஎஸ்84 (இன்றைய ஜிபிஎஸ் முறை) என்று கொடுத்தேன். பிழை ஒரு பிக்சலுக்குள்தான் காட்டுகிறது. ஆனால் பழைய ஷீட்டில் மெரினா நாலரை கிலோமீட்டர் கிழக்கே கடலில் கிடக்கிறது. அமெரிக்க ஷீட் 200 மீட்டருக்கு மேல் தென்கிழக்கே தள்ளியிருக்கிறது.

பதில் (தாம்பரம்)
ஸ்கேன் மேல் தப்பில்லை சார். நான்கு மூலையும் ஒரே அளவு நகர்ந்திருந்தால் பிழைக் கணக்கு அதைக் காட்டாது.

பழைய ஷீட்டின் ஓரத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள். மெட்ராஸ் வானாய்வகத்தை (நுங்கம்பாக்கத்தில் இருந்தது) 80°17'21" என்று வைத்து தீர்க்கரேகை போட்டதாகவும், திருத்திய மதிப்பு 80°14'51" என்றும் இருந்தால், வித்தியாசம் 2'30". நம்ம ஊரில் தீர்க்கரேகையின் ஒரு விநாடி (டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு) ஏறக்குறைய 30 மீட்டர். 150 விநாடிக்கு நாலரை கிலோமீட்டர். நீங்கள் வைத்த ஒவ்வொரு புள்ளியின் எக்ஸ் மதிப்பிலும் (தீர்க்கரேகை) 0.041667 டிகிரி கழியுங்கள். குறிப்பில் வேறு எண் இருந்தால் அந்த எண்தான் கணக்கு.

பதில் (பெரம்பூர்)
அமெரிக்க ஷீட்டில் எதையும் கழிக்க வேண்டாம். அது எவரெஸ்ட் ஸ்பீராய்டு (பூமியின் வடிவத்துக்கு வைத்த பழைய கணக்கு) மேல் போட்டது. புள்ளிகளுக்கு டபிள்யூஜிஎஸ்84க்குப் பதிலாக, அந்தக் கணக்கில் அமைந்த கல்யாண்பூர் 1975 முறையை, அதாவது மென்பொருள் பட்டியலில் இபிஎஸ்ஜி 4146 என்ற எண்ணைக் கொடுங்கள். மாற்றுவதை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். பழைய ஷீட்டுக்கும், கழித்த பிறகு, இதையே வைத்து பரங்கிமலை உச்சியிலும் கோட்டை முனைகளிலும் மிச்சமிருக்கும் விலகலைப் பாருங்கள்.

  

கேட்டவர்
அமெரிக்க ஷீட் பொருந்திவிட்டது. பழையதில் ஓரத்தை வெட்டிவிட்டுத்தான் ஸ்கேன் எடுத்திருக்கிறோம்! மடிப்புகளை ஒட்டி 100 மீட்டர் போல விலகலும் இருக்கிறது.

பதில் (தாம்பரம்)
மறுபடி எடுங்கள், ஓரத்தோடு. துணி ஒட்டிய ஷீட்டில் காகிதத்தைத் துண்டுகளாக அறுத்து, துணியின் மேல் இடைவெளி விட்டு ஒட்டியிருப்பார்கள். 2 மில்லிமீட்டர் இடைவெளி தரையில் 127 மீட்டர். ரோலர் ஸ்கேனரில் விடவே கூடாது, துண்டு பிய்ந்துவரும். மேலிருந்து எடுக்கும் ஸ்கேனரில் 400 டிபிஐ, 24 பிட் கலர், எல்இசட்டபிள்யூ டிஃப் (தரம் குறையாமல் சுருக்கிய படக் கோப்பு). அந்த மூலக் கோப்பைத் தொடாதீர்கள். நகலில் துண்டு துண்டாக வெட்டி, இடைவெளியை மூடிச் சேர்த்த பிறகு புள்ளி வையுங்கள். தின் பிளேட் ஸ்ப்லைன் (புள்ளிகளுக்கு ஏற்றபடி படத்தை வளைக்கும் முறை) வேண்டாம். இடைவெளியை இழுத்து மறைத்துவிடும், எங்கே தப்பு என்று அப்புறம் தெரியாது. புள்ளிக் கோப்பையும் டிஃப்போடு சேர்த்து வையுங்கள்.