வலது தோள், இடது கண்: கிளே (பறக்கவிடும் இலக்குத் தட்டு) தப்பிக்கொண்டே போகிறது

கிருஷ்ணகிரியான்: நான் வலது கைக்காரன், ஆனால் ஓங்கிய கண் (குறி பார்க்கும்போது மூளை அதிகம் நம்பும் கண்) இடது. 12 போர் (bore, குழல் அளவு) ரவைத் துப்பாக்கியில் இரண்டு கண்ணும் திறந்து சுட்டால் ரவை இடப்பக்கமே போகிறது. என்ன செய்யலாம் அண்ணா?

ஓசூர் வாசி: இடது கண் குழல் முனையைக் குறியோடு சேர்ப்பதால் குழல் இடப்பக்கம் திரும்பிவிடும். கண்ணாடியின் இடது வில்லையில், முனைமணி (குழல் முனையில் உள்ள சிறு மணி) தெரியும் இடத்தை மட்டும் மறைக்கிற மாதிரி மங்கலான டேப் துண்டு ஒட்டிப் பாருங்க தம்பி.

பாலக்கோட்டார்: அல்லது சுடுவதற்குச் சற்று முன் இடது கண்ணை மூடலாம், முதலிலேயே மூடினால் தூரமும் வேகமும் சரியாகப் பிடிபடாது. புதிதாகப் பழகுகிறவர் என்றால் இடது தோளுக்கே மாறச் சொல்வேன், கொஞ்ச நாள் எரிச்சலாகத்தான் இருக்கும்.

கிருஷ்ணகிரியான்: சரி, டேப்பில் ஆரம்பிக்கிறேன். வீட்டிலேயே துப்பாக்கியைத் தோளில் வைத்துப் பார்த்து டேப் ஒட்டும் இடத்தைக் குறிக்கலாமா?

ஓசூர் வாசி: குறிக்கலாம், தோட்டா இல்லை என்று திறந்து பார்த்த பிறகு.